நீதிபதி அடித்த வரியும் அஞ்சலை அணைத்த கற்பூரமும்

பெரம்பலூரில் இளம் வக்கீல்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறார்கள். சமீபத்தில் அதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீதியைப் பற்றிப் பழைய காலத்து ஞானிகள் என்ன சொன்னார்கள், இந்தக் காலத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பேசுவதுதான் அன்றைய விஷயம். கோர்ட் வாசலில் நின்று பேர் கூப்பிட்ட என்னைப் போன்ற டபேதாருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"நாங்க புஸ்தகத்துல படிச்சதைப் பேசப் போறோம் ஐயா. நீங்க கண்ணால பார்த்ததைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்கள்.

போனேன். விபூதி பூசிக்கொண்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் நன்றாகப் பேசினார்கள். என் முறை வந்ததும் ஒரு பெண் வக்கீல் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, உங்க சர்வீஸ்ல பழைய நியாயம் ஜெயிச்சுதா, புது நியாயம் ஜெயிச்சுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அஞ்சலை என்கிற பேர் தொண்டை வரைக்கும் வந்தது. காலமெல்லாம் ஊரார் பேரை மூன்று மூன்று தடவை உரக்கக் கூப்பிட்ட தொண்டை. அந்த ஒரு பேர் வெளியே வரவில்லை. "எனக்குச் சொல்லத் தெரியலைம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் என்னைக் குறுக வைத்தது. அரியலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எங்கப்பா திருமானூர்ப் பக்கம் மற்றவர்கள் கரும்புக் கொல்லையில் வெட்டுக்குப் போனவர். எனக்குக் கோர்ட்டில் வேலை கிடைத்த அன்று அவர் சட்டை போட்டுக்கொண்டு கோர்ட் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல், வேப்பமரத்தடியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த டபேதார் சொன்னது சுருக்கம்தான். நீதிபதிக்கு முன்னால் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பேர் கூப்பிடும்போது கோபம் தெரியக் கூடாது, கொலைகாரன் பேரானாலும் சரி. சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுக்கும்போது அவன் வாயைப் பார்க்காதே, கண்ணைப் பார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. அதைப் போட்டுக்கொண்டால் எனக்கே நான் வேறு ஆளாகத் தெரிவேன்.

பல நீதிபதிகளுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். மனதில் நிற்கிறவர் அரியலூரில் முன்சீப்பாக இருந்த ஒருத்தர். பேர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கிராமத்து ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூண்டுக்கு வந்தால், "போட்டுக்கிட்டு வாங்க, தரை சுடும்" என்பார். சாட்சி சொன்னதைத் தமிழில் அவருக்கே படித்துக் காட்டி, "இப்படித்தான் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போக விடுவார்.

அவருடைய அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் போடச் சொல்லியிருந்தார். தீர்ப்பு எழுதப் போகிற அன்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாதியின் மனுவைப் படிப்பார். படித்து முடித்ததும் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பிரதிவாதியின் பதிலைப் படிப்பார். அதற்குப் பிறகுதான் தன் மேஜைக்கு வருவார். டைப்பிஸ்ட் நூர்ஜஹான் அக்கா முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "என்ன டபேதாரே, ஐயா தனியா மியூசிக்கல் சேர் விளையாடறாங்க?" என்று என் காதில் சொன்னார். லப்பைக்குடிக்காட்டு அம்மா அவர். வீட்டுக்காரர் குவைத்தில். வாய் சும்மா இருக்காது.

ஒரு நாள் ஜெயங்கொண்டத்திலிருந்து என் மச்சான் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தான். வேலை முடிந்த பிறகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறைக்குப் பின்னால் உட்கார்ந்து அறுத்தேன். நீதிபதி அங்கியைக் கழற்றி மடித்தபடியே வந்து நின்றார்.

"டபேதாரே, எப்படிப் பங்கு போடப் போறீங்க?"

"ஐயாவுக்கு முதல்ல."

"ஏன், நான் மரம் ஏறினேனா?"

அப்புறம் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கிரேக்க நாட்டில் ரொம்பப் பழைய ஞானி ஒருத்தர் இருந்தாராம். அவரவர் வேலையை அவரவர் செய்வது, அடுத்தவன் வேலையில் கை வைக்காமல் இருப்பது, அதுதான் நீதி என்று சொன்னாராம்.

"அப்போ நான் மவுத்தாகிற வரைக்கும் டைப் அடிக்கணுமாங்கய்யா?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

"அவர் கணக்குப்படி அப்படித்தாம்மா." அந்த ஞானியுடைய சீடர் கொஞ்சம் மாற்றிச் சொன்னாராம். தகுதிக்கு ஏற்றபடி பங்கு. புல்லாங்குழல் இருந்தால் அதை நன்றாக வாசிக்கிறவனுக்குக் கொடு, பணக்காரன் மகன் என்பதற்காகக் கொடுக்காதே.

"இந்தக் காலத்துல அமெரிக்காவுல ஒரு பேராசிரியர் வேற மாதிரி சொன்னார். ஒரு திரைக்குப் பின்னாடி உட்காருங்கங்கறார். திரைக்கு அந்தப் பக்கம் நீ ஆணாப் பொறப்பியா பொண்ணாப் பொறப்பியா, நிலம் இருக்கிறவன் வூட்டுலயா இல்லாதவன் வூட்டுலயா, எதுவும் உனக்குத் தெரியாது. தெரியாமலே சட்டம் எழுது. அப்பத்தான் நியாயமா எழுதுவேங்கறார். எந்த வயித்துல பொறப்போம்னு தெரியாதவன் யாரையும் மிதிக்க மாட்டான்."

எனக்குத் திரை என்றதும் கோயில்தான் ஞாபகம் வந்தது. அலங்காரம் நடக்கும்போது சாமிக்கு முன்னால் திரை போடுவார்களே, அது. திரைக்குப் பின்னால் சாமி இருக்கும் என்றுதான் பார்த்திருக்கிறேன். இந்த ஆள் மனுஷனைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைக்கிறாரே என்று தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயா, இதிலெல்லாம் பயம் எங்கே இருக்கு? பயம் இல்லாம நியாயம் எப்படி நிக்கும்? எங்க பக்கம் பொய் சத்தியம் பண்ணினா அவன் குடும்பத்தையே சாமி கேட்கும். புள்ளை குட்டி வரைக்கும் பாயும். அதுக்குப் பயந்துதான் ஜனம் ஒழுங்கா இருக்கு."

"அப்பன் பொய் சொன்னதுக்குப் புள்ளை என்ன பண்ணுச்சு?"

"அந்த வயித்துல வந்து பொறந்துச்சே ஐயா" என்றேன்.

நூர்ஜஹான் அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "எங்கத்தா சொல்வாங்க, ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் தலையில அல்லா ஏத்த மாட்டான்னு. உங்க சாமி கோவக்காரரா இருப்பாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீதிபதி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சின்ன வயதில் கரும்புக் கொல்லை வரப்பில் நின்று ஒரு பெரிய மனுஷன் என்னைக் காட்டி, "படிச்சு என்ன பண்ணப் போறான், பொறந்த வயிறு அப்படி" என்று சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. அவரவர் வேலையை அவரவர் செய்வதுதான் நீதி என்றால் நான் அந்தக் கோர்ட் வாசலில் நின்றிருக்கவே முடியாது. பித்தளை வில்லையை எனக்கு மாட்டியது புதிய நியாயம். என் வாயில் வந்ததோ அந்தப் பெரிய மனுஷன் வார்த்தை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அஞ்சலை வழக்கு விசாரணைக்கு வந்தது.

கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு ஊர், எங்கப்பா கரும்பு வெட்டுக்குப் போன ஊர்களில் ஒன்று. அப்பா விட்டுப்போன கரும்பு நிலம், அதன் ஓரத்தில் ஒரு கூரை வீடு. அண்ணன் கலியமூர்த்தி, தங்கை அஞ்சலை. அஞ்சலைக்குக் கல்யாணமான சில வருஷத்தில் புருஷன் இறந்துவிட்டான், பிள்ளை கிடையாது. பிறந்த ஊருக்கே திரும்பி வந்து அந்தக் கூரை வீட்டில் இருந்தார். நிலத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவர் வழக்கு. அண்ணன் சொன்னது வேறு. அப்பா உயிரோடு இருக்கும்போதே ஊர்க் கருப்புசாமி கோயிலில் வைத்துப் பேசி, பங்குக்குப் பதிலாக நகையாகக் கொடுத்து முடித்தாயிற்று, தங்கச்சி வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டது என்றார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார் அஞ்சலை. பேச்சு நடந்த இடத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை. வழக்கு போனால் அஞ்சலைக்கு நிலமும் இல்லை, தலைக்கு மேல் கூரையும் இல்லை.

கூண்டில் அண்ணனுடைய வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அஞ்சலை சளைத்துப்போய் நீதிபதி பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"ஐயா, இத்தனை கேள்வி வேணாம். எங்கண்ணன் கருப்பு முன்னாடி கற்பூரத்தை அணைச்சு அப்படி நடந்துச்சுன்னு சொல்லட்டும். நான் அப்பவே விட்டுடறேன். அவன் சொல்ல மாட்டான்யா. எங்கூடப் பொறந்தவன்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அந்தச் சுடரை அமுக்கி அணைக்க வேண்டும். சொன்னது பொய்யானால் அணைத்தவன் வம்சமும் அப்படியே அணையும் என்பது அதன் அர்த்தம். வேறு வார்த்தை தேவையில்லை.

இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஒரு தரப்பு, "எதிராளி இன்ன மாதிரி சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்று கேட்டு, எதிராளியும் ஒப்புக்கொண்டால், கோர்ட் அதை நடத்தலாம். செய்த சத்தியம் கேட்டவரைக் கட்டும். நீதிபதி அவசரப்படவில்லை. அஞ்சலையிடம் நிதானமாக, "அவர் சத்தியம் பண்ணிட்டா கேஸ் போயிடும்மா, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றார். யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வாய்தா கொடுத்தார். வந்தும் அதே பதில். கலியமூர்த்தியும் தலையைக் குனிந்தபடி சரி என்றார்.

சத்தியத்தின் வாசகத்தை இரண்டு வக்கீல்களும் எழுதிக் கொடுத்தார்கள். கடைசி வரி, "இது பொய்யானால் என் பிள்ளைகள் நன்றாக இருக்க மாட்டார்கள்" என்று இருந்தது. நீதிபதி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மெல்ல, ஒரே கோடாக, வரி முழுக்க. "மூன்றாவது மனுஷரைப் பாதிக்கிற சத்தியத்தைச் சட்டம் ஒத்துக்காது. அந்தப் புள்ளைங்க இந்த வழக்குல கட்சிக்காரங்க இல்லை" என்றார். கோயிலுக்குப் போய்ச் சத்தியத்தை நடத்தி அறிக்கை கொடுக்க, ரேவதி என்கிற வக்கீலம்மாவைக் கோர்ட் கமிஷனராகப் போட்டார். சின்ன வயது, அதுதான் அவருக்கு முதல் கமிஷன். சத்தியம் சொல்லிக் கொடுத்துப் பழக்கப்பட்டவன், பக்தியுள்ளவன் என்று என்னையும் கூட அனுப்பினார். கிளம்பும்போது என்னை மட்டும் கூப்பிட்டு, "அடிச்ச வரி அடிச்சதாவே இருக்கட்டும், டபேதாரே. பார்த்துக்கங்க" என்றார்.

காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். ஊரே கோயில் முன்னால் நின்றது. அந்தக் கோயில் வாசலுக்குள் எங்கப்பா கால் வைத்ததில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியிலிருந்து கும்பிட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான் அவருக்கு விட்டிருந்த இடம். எனக்கோ கோர்ட் உடுப்பையும் பட்டையையும் பார்த்துப் பூசாரியே வழிவிட்டு, எனக்குத்தான் முதலில் விபூதி கொடுத்தார். உள்ளுக்குள் கர்வம் எப்படி ஏறியது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. கருப்பு என்னைப் பார்க்கிறார், இன்றைக்குத் தீர்ப்பு இங்கேதான், நான்தான் அதை நடத்துகிறேன் என்று நினைத்தேன்.

கலியமூர்த்தி குளித்து ஈரவேட்டியோடு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவர் பொய் சொல்கிறார் என்பதில் எனக்கு ஒரு சொட்டுச் சந்தேகம் இல்லை. அத்தனை வருஷம் கண்ணைப் பார்த்துப் பழகியவன் நான். தட்டில் கற்பூரம் ஏற்றினேன். கொள்ளிடத்துக் காற்று, சட்டென்று அணைத்துவிட்டது.

கூட்டத்தில் சலசலப்பு. "சாமிக்கே இஷ்டமில்லை போலருக்குப்பா." கலியமூர்த்தி மூச்சை விட்டார். அஞ்சலை என்னிடம் வந்து, "சார், இன்னொரு நாள் வச்சுக்கலாமா? எங்கண்ணன் முகமே சரியில்லை. வூட்டுல உட்கார்ந்து பேசினா ஒருவேளை..." என்றார்.

"காத்து அடிச்சா அணையத்தாம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டு, பெரிய பெரிய கட்டியாக எடுத்து அடுக்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையால் மறைத்து மறுபடியும் ஏற்றினேன். சுடர் ஓங்கி எழுந்தது.

ரேவதி அம்மா காகிதத்தைப் படித்தார். கூட்டத்திலிருந்து ஒருத்தன், "புள்ளைங்களைச் சொல்லாம என்னாங்க சத்தியம்? இதை நான்கூட பண்ணுவேன்" என்றான். பூசாரி தலையாட்டினார். "சொல்லேன் மாமா, ஏன் பம்முறே?" என்று இன்னொருத்தன். சிரிப்பு.

"அது ஆர்டர்ல இல்லை. ஜட்ஜ் அடிச்சிருக்காரு" என்றார் ரேவதி அம்மா. சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "டபேதார், நீங்க சொல்லுங்க."

என் தொண்டைக்கு அந்தக் கூட்டம் ஒரு பொருட்டில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் அடங்கியிருக்கும். நான் கற்பூரம் அணையாமல் பார்த்துக்கொள்வது போலக் குனிந்துகொண்டேன்.

கலியமூர்த்திக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட்டத்தில் அம்மா பக்கத்தில் நின்ற மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். தேன்மொழி என்று பேர், பள்ளிக்கூடப் பாவாடை சட்டையில் இருந்தது. அந்தக் குழந்தை பிறந்தபோது தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போய், நடக்கிற வயது வரைக்கும் அஞ்சலைதான் இடுப்பில் வைத்து வளர்த்ததாம். அதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். கலியமூர்த்தி ஒரு கையை மகள் தலையில் வைத்தார். இன்னொரு கை கற்பூரத்துக்கு மேலே வந்தது.

"எங்கப்பா நகையாக் கொடுத்து முடிச்சது நிஜம். பொய்யா இருந்தா என் பொண்ணு..."

அந்த நேரம் என் மனது என்ன சொன்னது தெரியுமா? வரட்டும் என்றது. கருப்பா, பார்த்துக்க என்றது. பொய்யனுக்கு இனி தப்பிக்க வழியில்லை என்று சந்தோஷப்பட்டது. அந்தக் குழந்தை என் முழங்கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று சுடரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அப்படி நினைத்தேன்.

வார்த்தை முடிவதற்குள் அஞ்சலை பாய்ந்து வந்து தன் உள்ளங்கையால் சுடரை அமுக்கினார். நான் அடுக்கிய கட்டிகள், சுலபத்தில் அணையவில்லை. கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே கத்தினார். "எங்கண்ணன் சொன்னது நிஜம்! நான் வாங்கிட்டேன்! எனக்கு அதுல பாத்தியதை இல்லை! பொய்யா இருந்தா எனக்கு ஆவட்டும் சாமி, என்னோட போவட்டும்! எனக்குப் பின்னாடி யாரும் இல்லை!"

கலியமூர்த்தியின் கை அந்தரத்திலேயே இருந்தது. குழந்தைதான் முதலில் அசைந்தது. அப்பன் கையை உதறிவிட்டு ஓடி வந்து, "அத்தை, கை சுட்டுடுச்சா? காட்டு" என்று அந்தக் கையைப் பிடித்து ஊதியது. பூசாரி விபூதியை அள்ளி அப்பினார். கலியமூர்த்தி தங்கச்சியைப் பார்க்கவே இல்லை. கமிஷனரிடம், "அதான் அதுவே சொல்லிடுச்சே. எழுதிக்கிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரேவதி அம்மா நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். அடுத்த வாய்தாவில் நீதிபதி அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, அஞ்சலையைப் பக்கத்தில் வரச் சொன்னார். கையில் துணி கட்டியிருந்தது.

"அம்மா, பயப்படாமச் சொல்லுங்க. நீங்க வாங்கிக்கிட்டது நிஜமா?"

"கற்பூரத்தை அணைச்சுச் சொல்லிட்டேன்யா. இப்ப மாத்தினா ரெண்டு பொய் ஆயிடும்."

அதற்கு மேல் கோர்ட் என்ன செய்ய முடியும்? வாதியே பாத்தியதை இல்லை என்கிறார். வழக்கு தள்ளுபடி. நூர்ஜஹான் அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்து டைப் அடித்தார். நான் அடுத்த வழக்குக்குப் பேர் கூப்பிட்டேன்.

அன்று வேலை முடிந்து அறைக்குள் போனபோது நீதிபதி நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன, எதிலும் உட்காரவில்லை.

"அந்த வரியை நான் அடிச்சேன்ல, டபேதாரே?"

"அடிச்சீங்க ஐயா."

"அப்போ அந்தக் குழந்தை எப்படி அங்கே வந்துச்சு? கமிஷனர் சின்னப் பொண்ணு. நீங்க எங்கே இருந்தீங்க?"

"கற்பூரம் அணையாமப் பார்த்துக்கிட்டிருந்தேன் ஐயா."

மேஜை மேலிருந்த அறிக்கையை எடுத்து மடித்து வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. "சரி, போயிட்டு வாங்க" என்றார். அவர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் நீதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி மாறி உட்காருவது மட்டும் நிற்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் அந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். சாமியிடம் போனால் மனது ஆறும் என்று நினைக்கிறவன் நான், இன்றைக்கும் அப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கப்பா நின்று கும்பிட்ட அந்தப் புளியமரத்தடியில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், நல்லாருக்கீங்களா? ரிட்டயர் ஆயிட்டீங்களா?"

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் வேலை, அங்கேயே ஒண்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். விரல்களெல்லாம் கொட்டைப் பாலில் கறுத்துக் கிடந்தன. உள்ளங்கை நடுவில் அந்தத் தழும்பு, வட்டமாக.

"தேன்மொழிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார். எங்கண்ணன் பத்திரிகை வச்சான். நான்தான் அத்தை மொறைக்கு நின்னேன். இப்ப கையில ஒண்ணு இருக்கு அதுக்கு. அப்படியே அதை உரிச்சு வச்ச மாதிரி." சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ளே போய்க் கும்பிடலையாம்மா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "எப்படி சார் போவேன்? பொய் சத்தியம் பண்ணவளாச்சே. அன்னையிலேருந்து உள்ளே போனதில்லை. இங்கேருந்தே கும்பிட்டுக்குவேன்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க விவரம் தெரிஞ்சவரு. கோயில் குளம்னு போறவரு. சாமி என்னை மன்னிச்சிருக்கும்ங்கறீங்களா?"

அவர் நிலத்தைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது இதுதான்.

"நீங்க பண்ணது பொய் இல்லைம்மா" என்றேன்.

"பொய்தான் சார். அப்பா எனக்கு எதுவும் கொடுக்கலை. உங்களுக்கும் தெரியுந்தானே?"

"தெரியும்மா."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

கோபமே இல்லாமல், நிஜமாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்: "அப்புறம் ஏன் சார், காத்துல அணைஞ்சதை மறுபடியும் ஏத்தினீங்க?"

அமெரிக்கப் பேராசிரியர் சொன்ன திரை ஞாபகம் வந்தது. எந்த வயிற்றில் பிறப்போம் என்று தெரியாமல் இருந்தால்தான் மனுஷன் நியாயமாக நடப்பான் என்றார் அவர். இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். யார் வயிறு, யார் நிலம், யார் பொய், எல்லாம் தெரிந்துதான் கையைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்தார். தெரியாதவன் மாதிரி நின்றது நான்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. "விடுங்க சார். அந்தப் புள்ளை நல்லாருக்கு, அது போதும்" என்றார்.

கோயிலில் மணி அடித்தது. பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் மரியாதை வாங்க கலியமூர்த்தி முன்னால் நின்றது ரோட்டைத் தாண்டித் தெரிந்தது. திரையை விலக்கினார்கள். தூரத்தில் கற்பூரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"போங்க சார், தீபாராதனை ஆயிடப் போவுது. எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வாங்க."

நான் போகவில்லை.

"ஏன் சார்?"

"இங்கேருந்தே கும்பிட்டுக்கறேம்மா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வெயில் ஏறியிருந்தது, மரத்தடியில் நிழல் கொஞ்சம்தான். ஓரமாக நகர்ந்து, நிழலில் எனக்கு இடம் விட்டார்.